டிரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்கு எந்த டயர்? பட்டனை அப்புறம் பார்க்கலாம்

டயர் மாற்றும் நேரம் வந்தால் பிக்கப் வைத்திருப்பவர்கள் முதலில் வாதாடுவது பட்டனைப் பற்றித்தான், அதாவது டயர் தரையைத் தொடும் பக்கத்தின் வடிவத்தைப் பற்றி. ஹைவே பட்டனா, ஆல் டெரெய்னா, முரட்டு மட் டெரெய்னா? எதையும் இழுக்காத வண்டிக்கு அந்த வாதம் போதும். பின்னால் ஒரு படகையோ கேரவனையோ மாட்டப் போகிறீர்கள் என்றால் பட்டனுக்கு இரண்டாம் இடம்தான். பக்கச்சுவர் எவ்வளவு விறைப்பு, டயர் எவ்வளவு காற்றையும் எடையையும் தாங்கும் என்பவைதான் முதல் கேள்விகள்.

3,000 கிலோ டிரெய்லர் என்றால் அதில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 300 முதல் 450 கிலோ வரை, இழுவைக் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் நெம்புகோல் மாதிரி வண்டியின் மூக்கைத் தூக்கும். அந்தப் பாரமும் சேர்ந்து பின் டயர்கள் மேலேயே இறங்கும். ஆட்களும் சாமான்களும் தனி. இந்த நிலையில் ஒரு பெரிய லாரி நம்மைக் கடக்கும்போது காற்று டிரெய்லரைத் தள்ளும், டிரெய்லர் வண்டியின் பின்பக்கத்தைத் தள்ளும். பின் டயரின் பக்கச்சுவர் வளைந்து கொடுத்தால் வண்டி நெளியும். ஓட்டுகிறவரின் வயிற்றைக் கலக்குவது அந்த நெளிசல்தான்.

சரி, எதிரெதிரே நிற்பவை எவை? பல நடுத்தர, அரை டன் (சுமை வகுப்பின் பெயர்) பிக்கப்புகள் பி-மெட்ரிக் எனப்படும் கார் வகை டயரோடுதான் வருகின்றன. மென்மையாக ஓடும், எடை குறைவு, எரிபொருளும் மிச்சம். ஆனால் இதைப் பிக்கப்பில் மாட்டும்போது டயரில் எழுதியிருக்கும் சுமைத் திறனை 1.1 ஆல் வகுத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 275/65 ஆர்18 அளவில் 116 என்ற சுமைக் குறியீடு இருந்தால் அது 1,250 கிலோ. பிக்கப்பில் சுமார் 1,136 கிலோதான். அதே அளவில் எல்டி (லைட் டிரக்) வகை, லோட் ரேஞ்ச் இ (சுமை வகுப்பு; சி-யைவிட இ அதிகம் தாங்கும்) டயருக்குக் குறியீடு 123. அதாவது 1,550 கிலோ, வகுக்கவே வேண்டாம். பின்னால் இரண்டு டயருக்கும் சேர்த்து 800 கிலோவுக்கு மேல் வித்தியாசம்.

இதைப் படித்ததும் எல்டி-இ வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். அந்த 1,550 கிலோ 80 பிஎஸ்ஐ காற்று இருந்தால்தான். கதவோர ஸ்டிக்கர் சொல்லும் 35 பிஎஸ்ஐயை அப்படியே அடித்தால், கார் வகை டயர் தாங்கும் அளவைக்கூட எல்டி தாங்காது. நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான்: தடித்த டயரை மாட்டிவிட்டுப் பழைய காற்றையே வைத்து ஓட்டுவார்கள், டயர் சூடேறிக் கெடும். காற்று எவ்வளவு வேண்டும் என்பதை டயர் தயாரிப்பாளரின் சுமை-அழுத்த அட்டவணையில் பார்க்க வேண்டும். பழைய ரிம் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலி வண்டியில் 80 பிஎஸ்ஐ வைத்தாலும் தொல்லைதான். பின்பக்கம் துள்ளும், மழையில் பிடிப்பு குறையும், நடுப்பட்டன் மட்டும் தேயும். ஆக எல்டி-இ வாங்குகிறவர், டிரெய்லர் மாட்டும்போது ஏற்றவும் கழற்றிய பின் இறக்கவும் ஒரு கேஜையும் பம்பையும் சேர்த்தே வாங்குகிறார்.

நடுவில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்று எக்ஸ்எல் எனப்படும் கூடுதல் சுமைக் கார் வகை. சாதாரண டயரைவிடச் சற்று அதிகக் காற்று தாங்கும், ஓட்டமும் அவ்வளவாகக் கெடாது. மற்றது எல்டி லோட் ரேஞ்ச் சி, பெரும்பாலும் 50 பிஎஸ்ஐ வரை. இந்த சி-யைக் கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எல்லா அளவிலும் கிடைப்பதும் இல்லை. கிடைத்தால் எனக்குப் பிடித்தது இதுதான். பக்கச்சுவரில் தெம்பு இருக்கும், காலியாக ஓடும்போது முதுகும் பிழைக்கும்.

என் கணக்கு இப்படி. வருடத்துக்கு நாலைந்து தடவை சின்ன டிரெய்லர் என்றால் எக்ஸ்எல் போதும். மாதத்தில் பல நாள், வண்டியின் இழுவை வரம்பில் பாதிக்கு மேல் என்றால் எல்டி, முடிந்தால் சி, இல்லாவிட்டால் இ. முக்கால் டன், ஒரு டன் வண்டி லோட் ரேஞ்ச் இ-யோடு வந்திருந்தால் இந்த விவாதமே கிடையாது. அதற்குக் கீழே இறங்கவே கூடாது. டிரெய்லருக்கென்றே செய்யும் எஸ்டி டயர் பிக்கப்புக்கு ஆகாது.

கடையில் இன்னொரு பொறி. ஒரே பெயர், ஒரே பட்டன், ஒரே அளவில் கார் வகையும் எல்டியும் இரண்டுமே இருக்கும். ஆர்டர் போடும்போது பெயரை நம்பாதீர்கள். அளவுக்கு முன்னால் 'எல்டி' இருக்கிறதா என்று பாருங்கள். கார் வகை டயரில் பொறித்திருக்கும் தேய்மான எண் எல்டிக்குக் கட்டாயமில்லை, அதனால் அந்த எண்ணை வைத்து இரண்டையும் ஒப்பிட முடியாது.

இப்போது பட்டன். பெரும்பாலும் தார்ச் சாலையில் இழுப்பவருக்கு ஹைவே பட்டன்தான் என் ஓட்டு. வரிவரியாக ஓடும் அதன் பட்டைகள் குறைவாக அசையும், சத்தம் குறைவு, ஈரச் சாலையில் பிரேக்கும் பொதுவாக நன்றாகப் பிடிக்கும். ஈரப் புல், சரளை, மண் தரையிலிருந்து டிரெய்லரை வெளியே எடுக்க வேண்டியவருக்கு ஆல் டெரெய்ன். வாங்கும்போது பட்டன் இடைவெளி குறைந்த, அடக்கமான ரகத்தைப் பாருங்கள். பனி பெய்யும் ஊர் என்றால் மூன்று சிகரமும் பனித்துகளும் பொறித்த முத்திரை இருக்கட்டும். மட் டெரெய்ன்? சேற்றில் விளையாட நல்ல டயர். டிரெய்லரோடு மழையில் பிரேக் அடிக்க அல்ல.

பெரிய டயர் போடும் ஆசையும் சிலருக்கு வரும். 32 அங்குலத்திலிருந்து 33-க்குப் போனால் இழுக்கும் பலம் 3 சதவீதம் குறையும், 3.73 அச்சு விகிதம் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற டிரைவ் ஷாஃப்ட் சுற்றும் சுற்றுகள்) கிட்டத்தட்ட 3.62 போல நடந்துகொள்ளும். மேட்டில் அது தெரியும். அழகுக்காகச் செய்யலாம், இழுவைக்காகச் செய்யாதீர்கள்.

மாட்டும் முன் பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம் செய்தது. மாட்டிய அன்றே டிரெய்லரைக் கோர்க்க வேண்டாம். புது டயரின் ஆழமான பட்டன் முதல் சில நூறு கிலோமீட்டர் கொஞ்சம் நெளியத்தான் செய்யும்; அதை டிரெய்லரின் ஆட்டம் என்று நினைத்து நான் ஒருமுறை கொக்கியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். 80, 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை ஒரு தடவை முறுக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் கோர்த்துக்கொள்ளுங்கள்.