சிவப்பு ஒளி: மாஸ்க்கா, பேனலா, பழைய பல்பா?

அம்மாவின் முழங்கால் வலிக்காகத்தான் இதைத் தேட ஆரம்பித்தேன். ‘ரெட் லைட் தெரபி’ என்று தேடினால் மூன்று பொருள்கள் கலந்து வருகின்றன: முகத்தில் மாட்டும் எல்இடி மாஸ்க், சுவரில் மாட்டும் பேனல், பிசியோதெரபி அறையில் நாம் பார்த்துப் பழகிய சிவப்பு பல்பு. நிறம் ஒன்றுதான், வேலை வேறு.

பல்பு தருவது சூடு. ஒத்தடம் போல இதமாக இருக்கும், தசைப்பிடிப்பு தளரும், விலையும் குறைவு. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் மட்டும் தனியாக இதன் முன்னால் உட்காரக் கூடாது, சுட்டாலும் தெரியாது.

சிவப்பு ஒளி சிகிச்சை சூட்டை நம்பியதல்ல. 1967-ல் ஹங்கேரியில் எந்த்ரே மெஸ்டர், மழித்த எலிகளின் தோலில் குறைந்த சக்தி லேசரைக் காட்டியபோது அங்கே முடி வேகமாக வளர்ந்தது. ஆரம்பம் அதுதான். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் ஒரு நொதி இந்த ஒளியை உறிஞ்சுகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். பெரும்பாலான கருவிகள் 630–660, 810–850 நானோமீட்டர் அலைநீளங்களைப் பயன்படுத்துகின்றன. முதலாவது தோலோடு நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பான இரண்டாவது இன்னும் ஆழமாகப் போகும்.

இதை வைத்துப் பார்த்தால் மாஸ்க் முகத்துக்கு மட்டும்தான். மெல்லிய சுருக்கங்களுக்கு ஓரளவு பலன் எதிர்பார்க்கலாம், அதுவும் வாரக்கணக்கில் விடாமல் செய்தால். மங்கு இருப்பவர்கள் தோல் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

பேனலில்தான் கணக்கு முக்கியம். சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லிவாட் ஒளி விழுந்தால், 5 நிமிடத்தில் அந்த இடத்தில் 6 ஜூல் (ஆற்றலின் அலகு) சேரும். கொஞ்சம் தள்ளி நின்றாலே அது குறைந்துவிடும். அதிகம் காட்டினால் அதிகப் பலன் என்றும் இல்லை. அளவு மீறினால் பலன் தேய்ந்துபோவதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். அதனால் எத்தனை வாட் என்று மட்டும் எழுதி, எவ்வளவு தூரத்தில் எவ்வளவு ஒளி விழும் என்று சொல்லாத பேனலை நான் வாங்க மாட்டேன்.

சரி, எதற்கு உண்மையிலேயே சான்று இருக்கிறது? புற்றுநோய் சிகிச்சையின்போது வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க, சர்வதேச வழிகாட்டுதல்களே இந்த ஒளியைப் பரிந்துரைக்கின்றன. முழங்கால் தேய்மானத்தில், சரியான அளவில் கொடுத்த லேசர் வலியைக் குறைத்ததாக பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. இரண்டும் பயிற்சி பெற்றவர்கள் அளவு பார்த்துக் கொடுத்தவை. வீட்டுப் பேனலுக்கு அதை அப்படியே பொருத்திப் பேசுவது சரியில்லை.

‘பொதுவாக உடம்பு நன்றாக இருக்க’ என்று விற்கிறார்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. அதற்குக் காலை வெயிலில் அரை மணி நேர நடை போதும். வெயிலிலும் சிவப்பு, அகச்சிவப்புக் கதிர்கள் உண்டு. காலை வெளிச்சம் தூக்கத்தையும் சீராக்கும், நடையின் பலன் தனி. வைட்டமின் டி வேண்டுமென்றால் வெயில் ஏறிய பிறகு கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் அது புற ஊதா கதிரால் உண்டாவது. எந்தச் சிவப்பு விளக்கும் அதைத் தராது.

அம்மாவுக்கு இப்போதைக்குப் பேனல் வாங்கவில்லை. தொடைத் தசைக்கான பயிற்சிகளோடு, லேசர் வைத்திருக்கும் பிசியோதெரபிஸ்டிடம் அழைத்துப் போகிறேன். அலைநீளம் என்ன, ஒரு புள்ளிக்கு எத்தனை ஜூல் என்று முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.