மாருதி 800 வாங்கப் போகிறீர்களா? ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

பழைய மாருதி 800 தேடிக்கொண்டிருப்பவர்கள் இதை முழுவதும் படித்துவிடுங்கள், கொஞ்சம் நீளமாக இருக்கும். மதுரையில் ஒரு கார் கன்சல்டிங்கில் ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போன வண்டியை, போனது தெரியாதபடி செய்து என் தலையில் கட்டினார்கள். அதைச் சரிசெய்யக் கொடுத்த ஒர்க்‌ஷாப்பில் போர் போடாமலேயே (தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்குவதுதான் போர் போடுவது) போர் போட்டதாகப் பில் கொடுத்தார்கள். இரண்டு இடத்தின் பெயரையும் எழுதவில்லை. இதே வேலையைச் செய்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் இன்ஜினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்று வேலை எல்லாம் அதற்குள்தான் நடக்கிறது. 800-இல் பெரும்பாலும் இருப்பது சுசுகியின் எஃப்8பி இன்ஜின். மூன்று சிலிண்டர், 796 சிசி, போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 68.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 72 மில்லிமீட்டர். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். 1983 டிசம்பரில் முதல் வண்டி வந்ததிலிருந்து 2014 ஜனவரியில் நிறுத்தும்வரை அடிப்படையில் இதே இன்ஜின்தான் ஓடியது, 2000-ஐ ஒட்டி கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ (பெட்ரோலை அளந்து பீய்ச்சும் முறை) வந்தது, நடுவில் கொஞ்ச காலம் 12 வால்வு இன்ஜினும் ஐந்து கியரும் வைத்த மாடல் ஒன்று விற்றார்கள். எஃப்8பி-யின் பவர் நாற்பது குதிரைசக்திக்குள். நல்ல ஆயில், நல்ல கூலன்ட் இரண்டும் ஒழுங்காகக் கிடைத்தால் இதை எளிதில் கொல்ல முடியாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். இதைக் கொல்வது ஹீட். அலுமினிய ஹெட் ஒருமுறை நன்றாகச் சூடேறினால் வளைந்துவிடும், வளைந்தால் கேஸ்கட் அடைப்பு விடும், எரியறைக் காற்று கூலன்டுக்குள் போகும், கூலன்ட் வெளியே தள்ளும், மறுபடி ஹீட்.

எனக்குக் காட்டியது 2004 மாடல் எம்பிஎஃப்ஐ வண்டி. "சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி சார், ஹாஸ்பிடலுக்கும் வீட்டுக்கும்தான் ஓடியிருக்கு" என்றார் கன்சல்டிங்காரர். நான் போனபோது இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தது. ஓட்டிப் பார்த்தேன், மாட்டுத்தாவணி வரைக்கும் போய்த் திரும்பினேன், டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கீழேயே நின்றது, புகையும் இல்லை. ஒரு குறையும் கண்ணில் படவில்லை, படாதபடிதான் தயார் செய்திருந்தார்கள்.

என்னென்ன செய்திருந்தார்கள் என்பது பிற்பாடு வண்டியைப் பிரித்தபோது தெரிந்தது. தெர்மோஸ்டாட் வால்வை எடுத்துவிட்டிருந்தார்கள். அது இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் சின்ன வால்வு, கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் திறக்கும், இன்ஜின் சீக்கிரம் சரியான சூட்டுக்கு வருவதற்காக வைத்தது. நம் ஊரில் ஹீட் ஆகிறது என்று போனாலே பல மெக்கானிக்குகள் முதலில் பிடுங்கிப் போடுவது இதைத்தான். எடுத்துவிட்டால் ஊருக்குள் கொஞ்ச தூரம் ஓட்டும்போது முள் ஏறவே ஏறாது, வாங்க வருபவருக்கு வண்டி குளிர்ச்சியாக இருப்பதாகத் தோன்றும். கூடவே ரேடியேட்டர் ஃபேனை டைரக்டாகக் கொடுத்திருந்தார்கள், சாவியைப் போட்டதுமே சுற்றும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஏசி போடாமல் ஃபேன் சுற்றினால் உடனே சந்தேகப்படுங்கள். ஆயில் பெட்ரோல் இன்ஜினுக்குப் போடும் சாதாரண ஆயிலாக இல்லை, கெட்டியாக ஏதோ ஊற்றியிருந்தார்கள், அது கொஞ்ச நாளைக்குப் புகையையும் சத்தத்தையும் அமுக்கி வைக்கும். ரேடியேட்டரில் கூலன்டே இல்லை, வெறும் தண்ணீரும் மஞ்சள் தூளும். ஆமாம், சமையல் மஞ்சள் தூள்தான். பொடி ஒழுகும் இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும் என்று போடும் பழைய பழக்கம், ஆனால் அது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும்.

வாங்கி வந்து முதல் நீண்ட ஓட்டம் கொடைக்கானல். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியதும் முள் நகர ஆரம்பித்தது, பெருமாள்மலைக்கு முன்னாலேயே எச்-ஐத் தொட்டுவிட்டது. ரிசர்வ் டேங்க் கொதித்து வழிந்து, பானட் முழுக்க ஆவி, உள்ளே என் அம்மாவும் குழந்தைகளும். சமதரையில் லேசாக ஓட்டும்போது தாங்கும் கேஸ்கட், மலையில் இரண்டாவது கியரில் முழு லோடு விழும்போது தாங்காது, அதனால்தான் விற்பவர்கள் ஊருக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். திரும்பி வந்து கன்சல்டிங்காரரிடம் கேட்டதற்கு, "பழைய வண்டின்னா இப்படித்தான் இருக்கும் தம்பி, உள்ளது உள்ளபடின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்கல்ல" என்றார். அதுவரை சார், அதற்குப் பிறகு தம்பி.

சரி, ஒர்க்‌ஷாப். ஹெட்டைக் கழற்றியவர்கள் ஹெட் வளைந்திருக்கிறது, ஃபேஸிங் (சீவிச் சமப்படுத்துவது) பண்ண வேண்டும் என்றார்கள், அது உண்மை. போரும் தேய்ந்திருக்கிறது, ஃபுல் இன்ஜின் வேலை பார்த்து அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும் என்றார்கள், தேய்ந்திருந்ததும் உண்மைதான். பிஸ்டன், ரிங் (பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையம்), பேரிங், லேத் (கடைசல் பட்டறை) கூலி எல்லாம் சேர்த்து 32,000 ரூபாய் வாங்கினார்கள். வண்டி கைக்கு வந்த பிறகு ஆயில் குறைந்துகொண்டே போனது, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்னால் நீலப் புகை. கேட்டால் "ரிங் செட் ஆகணும் அண்ணே, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க" என்ற ஒரே பதில். ஆயிரத்தைத் தாண்டி ஓடியும் புகை நிற்கவில்லை.

கடைசியில் மாருதி வேலையிலேயே ஊறிப்போன ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். அவர் எதையும் பிரிக்காமல் முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் காற்றழுத்தம்) அளவு எடுத்தார். மூன்று சிலிண்டருக்கும் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. நடுச் சிலிண்டர் நன்றாகவே இறங்கியிருந்தது. பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி எடுத்தார், அளவு ஏறியது. ஏறினால் கோளாறு ரிங்கிலோ போரிலோ, ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கட்டிலோ என்று விளக்கினார். ஹெட்டைத் தூக்கியதும் விஷயம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. போரின் மேல் விளிம்பில், ரிங் எட்டாத இடத்தில், தேய்மானத்தால் உண்டாகும் வரம்பு அப்படியே இருந்தது. போர் போட்டிருந்தால் அந்த வரம்பு இருக்கவே முடியாது. ஓவர்சைஸ் பிஸ்டனின் தலையில் 50 என்று (0.50 மில்லிமீட்டர் பெரியது என்பதற்காக) அடித்திருக்க வேண்டும், அதுவும் இல்லை. தேய்ந்த போரில் பழைய பிஸ்டனையே வைத்துப் புது ரிங் மட்டும் மாட்டியிருந்தார்கள். லேத்தில் அளந்தபோது 69 மில்லிமீட்டராக இருக்க வேண்டிய போர் 68.5-ஐ ஒட்டியே நின்றது.

அந்த அளவை லேத்காரரிடம் தாளில் எழுதி வாங்கி, படங்களையும் வைத்து நோட்டீஸ் அனுப்பிய பிறகு, பிஸ்டன் விலையையும் போர் கூலியையும் மட்டும் ஒர்க்‌ஷாப்காரர் திருப்பிக் கொடுத்தார். கன்சல்டிங்காரர் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை.

வாங்கப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். காலையில் முதல் ஸ்டார்ட் நீங்கள்தான் செய்ய வேண்டும், போவதற்கு முன்னால் வண்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள், பானட்டில் கை வைத்துப் பார்த்து, சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து (சூட்டில் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும்) நிறத்தைப் பாருங்கள். துருவோ மஞ்சள் வண்டலோ இருந்தால் வேண்டாம். மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து ரேஸ் கொடுக்கும்போது விடாமல் குமிழி வந்தால் கேஸ்கட் போய்விட்டது. ஆயில் மூடியின் அடியில் பால் விட்ட காபி மாதிரிக் குழம்பு ஒட்டியிருந்தாலும் அதே சந்தேகம்தான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல், அது சமாளிக்கக்கூடிய செலவு. ஓட்டும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் ரிங், போர். கருப்புப் புகை பெட்ரோல் அதிகமாகப் போவதால், கார்புரேட்டர் வண்டியில் சோக் சரியாகத் திரும்பாமல் இருந்தாலும் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் ஆயில் கசிவது இந்த வண்டியில் அடிக்கடி பார்ப்பதுதான், பெரும்பாலும் ஒரு ரப்பர் வளையத்தோடு முடிந்துவிடும். டைமிங் பெல்ட்டை மட்டும் யார் என்ன சொன்னாலும் வாங்கியதும் மாற்றிவிடுங்கள், மீட்டரில் இருக்கும் கிலோமீட்டரை நம்ப முடியாது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டதால் பழைய பெட்ரோல் ரப்பர் குழாய்களையும் கையோடு பார்த்துக்கொள்வது நல்லது.

இன்ஜின் வேலைக்கு விடுகிறவர்கள் பழைய பிஸ்டனைக் கையில் கேட்டு வாங்குங்கள், புதுப் பிஸ்டன் மாட்டும் முன் அதன் தலையில் உள்ள எண்ணைப் படம் எடுங்கள், லேத் பில்லைத் தனியாகக் கேளுங்கள். தராமல் இழுத்தடித்தால் 1915-க்குப் போன் செய்யலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். பில், படங்கள், லேத்தில் எழுதி வாங்கிய அளவு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.