கால் ஆணி: கார்ன் கேப்பா, கத்தியா, செருப்பை மாற்றுவதா?

கால் ஆணி என்று வாயைத் திறந்தால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் வரும். ஒருவர் கார்ன் கேப் என்ற மருந்துப் பட்டையை ஒட்டச் சொல்வார், இன்னொருவர் "ஆபரேஷன் பண்ணி வேரோட எடுத்துடு" என்பார், வீட்டுப் பெரியவர்கள் மருதாணியும் மஞ்சளும் அரைத்துக் கட்டச் சொல்வார்கள். இதில் ஆணிக்கு வேர் என்று ஒன்று கிடையாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எலும்புக்கும் செருப்புக்கும் நடுவில் ஒரே இடம் திரும்பத் திரும்ப நசுங்கினால் அங்கே தோல் தடிக்கும். பரவலாகத் தடித்தால் காய்ப்பு, ஒரே புள்ளியில் கூம்பாக உள்நோக்கி இறங்கினால் ஆணி. அந்தக் கூம்பின் நுனி அடியில் இருக்கும் சதையைக் குத்துவதால்தான் காலை ஊன்றும்போது உயிர் போகிறது.

சரி, அது ஆணிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆணி என்று நினைத்துப் பலர் மாதக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருப்பது மரு, அது வைரஸால் வருவது. நல்ல வெளிச்சத்தில் பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் தோலில் ரேகைகள் தெரியும்; மரு இருக்கும் இடத்தில் அந்த ரேகைகள் அறுந்து விலகிப் போகும், நடுவில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். ஆணியில் அந்தப் புள்ளிகள் இருக்காது, மஞ்சளாகக் கெட்டியான ஒரு மையம்தான் இருக்கும். நேராக அழுத்தினால் வலிப்பது பெரும்பாலும் ஆணி, இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் வலிப்பது பெரும்பாலும் மரு. குழப்பமாக இருந்தால் தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது உத்தமம்.

இப்போது கார்ன் கேப்பை எடுத்துக்கொள்வோம். மருந்துக்கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது, அதனால்தான் எல்லாரும் முதலில் அங்கே போகிறார்கள். நடுவில் சின்ன வட்டமாக மருந்து, சுற்றிலும் மெத்தென்ற வளையம், அவ்வளவுதான். மருந்து சாலிசிலிக் ஆசிட், பொதுவாக 40 சதவீதம். அது கெட்டித்தோலை ஊறவைத்து வெள்ளையாக்கி உரித்துவிடும். பிரச்சினை என்னவென்றால், கெட்டித்தோல் எது நல்ல தோல் எது என்று அந்த ஆசிட்டுக்குத் தெரியாது. வியர்வையில் பட்டை நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் நல்ல தோல் வெந்து புண்ணாகும், ஆணி அப்படியே இருக்கும். அதனால் வெதுவெதுப்பான நீரில் ஒரு பத்து நிமிடம் காலை ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, ஆணியைச் சுற்றி வாசலின் தடவிவிட்டு, மருந்து சரியாக ஆணியின் மேல் படும்படி ஒட்டுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் எடுத்து, வெளுத்த தோலைக் கல்லால் மெதுவாகத் தேய்த்துவிட்டு மறுபடி ஒட்டலாம். இரண்டு வாரத்தில் போகவில்லையென்றால் நிறுத்திவிட வேண்டும், பிடிவாதம் வேண்டாம். ஒட்டிய முதல் நாளே வலி குறைந்ததாகத் தோன்றினால் அது மருந்தின் மகிமை இல்லை, அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும் அந்த வளையத்தின் புண்ணியம்.

அடுத்தது கத்தி. கத்தி என்றால் அறுவை சிகிச்சை இல்லை, மருத்துவர் ஸ்கால்பெல் பிளேடால் கெட்டித்தோலைப் படலம் படலமாகச் சீவி நடுக்கூம்பைத் தோண்டி எடுப்பது. செத்த தோல் என்பதால் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசிகூடத் தேவைப்படாது. நொண்டிக்கொண்டு உள்ளே போனவர் நேராக நடந்து வெளியே வருவார், இந்த உடனடி நிம்மதியைக் கார்ன் கேப்பால் தர முடியாது. ஆனால் அழுத்தம் அப்படியே இருந்தால் சில வாரங்களில் திரும்பவும் தடிக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 202 பேரை வைத்து இந்த இரண்டையும் மோதவிட்டுப் பார்த்திருக்கிறார்கள், முடிவுகள் 2013-இல் வெளியாயின. மூன்று மாதத்தில் ஆணி முழுசாகப் போனது 40 சதவீத சாலிசிலிக் பிளாஸ்டர் போட்டவர்களில் 34 சதவீதம் பேருக்கு, சீவியவர்களில் 21 சதவீதம் பேருக்கு. பிளாஸ்டர் ஜெயித்தது உண்மைதான், ஆனால் ஜெயித்த பக்கத்திலேயே மூன்றில் இரண்டு பேருக்கு ஆணி போகவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆபரேஷன், சூடு வைத்துப் பொசுக்குவது எல்லாம் என் கணக்கில் கடைசிதான். உள்ளங்காலில் வெட்டினால் தழும்பு வரும், சில சமயம் அந்தத் தழும்பே ஆணியைவிட மோசமாக வலிக்கும். விரல் வளைந்து எலும்பு துருத்திக்கொண்டிருப்பவர்களுக்கு எலும்பைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை வேறு விஷயம், அங்கே காரணத்திலேயே கை வைக்கிறார்கள்.

மருதாணி, மஞ்சள் கட்டுவதால் பெரிய கெடுதல் இல்லை, ஈரத்தில் தோல் கொஞ்சம் இளகும். எருக்கம்பால், நசுக்கிய பூண்டு இரண்டும் தோலைப் பொசுக்கும், வேண்டவே வேண்டாம். ஷேவிங் பிளேடால் தானே வெட்டிக்கொள்ளும் வீரம் அதைவிட ஆபத்து.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஆசிட் பொசுக்குவது தெரியாது, ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் புண் ஆறாது. கார்ன் கேப், தானே பிளேடால் வெட்டிக்கொள்வது இரண்டுமே அவர்களுக்குக் கூடாது, நேராக மருத்துவரிடம் போய்விட வேண்டும். ஆணியைச் சுற்றிச் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ யாராக இருந்தாலும் அதேதான். சுண்டுவிரல் இடுக்கில் வெள்ளையாக ஊறிப்போய் வரும் மெத்தென்ற ஆணிக்கும் ஆசிட் வேண்டாம்; இடுக்கை உலர்த்தி, நடுவில் கொஞ்சம் பஞ்சு வைத்து, அகலமான செருப்புக்கு மாறினாலே பாதி சரியாகும்.

ஆக, நான் காசு செலவழிப்பதென்றால் முதலில் செருப்புக்குத்தான். எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் கிடைக்கும், அழுத்தினால் அமுங்கி எழும் மென்மையான ரப்பர், தொழுநோயாளிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கால் புண் வராமல் இருக்கப் பரிந்துரைக்கப்படுவது. பார்க்க அழகாக இருக்காது, ஒத்துக்கொள்கிறேன். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு மணிக்கணக்கில் நின்று சமைப்பவர்கள் வீட்டுக்குள்ளும் ஒரு ஜோடி போட்டுக்கொள்ளலாம். விரல் மேல் ஆணி வருகிறவர்கள், சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் ஒரு தாளில் ஏறி நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, வழக்கமாகப் போடும் ஷூவை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கோடு ஷூவுக்கு வெளியே தெரிந்தால், அதைப் போட்டுக்கொண்டு எந்த மருந்து ஒட்டியும் பிரயோஜனமில்லை.