12 வோல்ட் குட்டி ட்ரில்: ஒன்றரை வருடத்துக்குப் பிறகு

"அண்ணை, சேர்கிட் போட் துளைக்க அந்தச் சின்ன ட்ரில்லை வாங்கலாமோ?" என்று புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். போன கிழமைதான் என்னுடையதற்குச் சக், அதாவது துளைக்கும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி, மாற்றினேன். சூடு ஆறுமுன் எழுதிவிடுகிறேன்.

கிளிநொச்சியில் தோட்டக் கிணறுகளுக்கு, தண்ணீர் வற்றினால் மோட்டரை நிறுத்தும் சேர்கிட் செய்து கொடுக்கிறேன். ஒரு போட்டில் அறுபது துளையாவது வரும். ஐசி காலுக்கு 0.8 மி.மீ., 4007 டயோடுக்கு 1 மி.மீ.

ட்ரில்லின் மோட்டர் அருமை. கரண்ட் போனாலும் மோட்டர்சைக்கிள் பற்றரியில் ஓடும். என் கோபமெல்லாம் அதோடு வந்த பித்தளைச் சக்கில்தான். இரண்டு குட்டித் திருகாணிகள்தான் அதை மோட்டர் அச்சில் பிடித்திருக்கின்றன. முடுக்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தால் பிட்டின் நுனி ஓரிடத்தில் நிற்காமல் சின்ன வட்டம் போடும். சாதாரண உருக்கு பிட் வளைந்து கொடுக்கும், ஆனால் கண்ணாடி நார் போட்டில் சீக்கிரம் மழுங்கி, செப்பைக் கிளப்பிவிடும். கார்பைட் பிட் மழுங்காது, வளையவும் தெரியாது. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரே இரவில் மூன்று போனது.

புதுச் சக்கைக் கால் சுற்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆட்டம் குறைந்த இடத்தில் முடுக்கினேன். ட்ரில்லை ஸ்டாண்டில் பூட்டி, போட்டுக்கு அடியில் பலகைத் துண்டு வைத்தேன். டிசைன் வரையும்போதே கால் பற்றவைக்கும் செப்பு வட்டமான ஒவ்வொரு பேடின் நடுவிலும் ஊசிமுனை அளவு வெற்றிடம் விடுகிறேன். ஃபெரிக் குளோரைடில் அரித்ததும் அது குழியாகி, பிட் வழுக்காமல் உட்காருகிறது. ஐசி கால்களுக்கு இடையே 2.54 மி.மீ.தான். அரை மில்லி விலகினாலும் கால் இறங்காது.

போட் வெட்ட மட்டும் இதில் டிஸ்க் போடவே கூடாது. அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது, இரண்டு நாள் இருமினேன். அக்ரிலிக் வெட்டும் கத்தியால் இரும்பு அடிமட்டத்தை ஒட்டி இரண்டு பக்கமும் பத்துப் பத்து இழுவை, மேசை விளிம்பில் வைத்து ஓர் அமுக்கு. பிஸ்கட் மாதிரி நேராக உடையும். விளிம்பை நனைத்த எமரித் தாளில் தேய்த்தால் தூசு பறக்காது. என்னிடம் உள்ளதில் மலிவான சாமான் அந்தக் கத்திதான், ஒருநாளும் கழுத்தறுத்ததில்லை.

இன்று காலை போட்ட அறுபது துளையும் நேராக வந்தன. இருந்தாலும், தம்பி, வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த மூன்று பிட்டும் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. வாங்கத்தான் வேண்டுமென்றால் முதலில் ஒருக்கால் இங்கே வாரும். பழைய சக்கைக் கையில் தருகிறேன், நீரே சுற்றிப் பாரும்.