லெஃப்ட் 4 டெட் 2, பேக் 4 பிளட்: பணகுடிக் காற்றுக்கு எது தாங்கும்?

நான்கு பேர் சேர்ந்து ஸோம்பிக் கூட்டத்தைச் சுட்டு விலக்கிக்கொண்டு, ஒரு பாதுகாப்பு அறையிலிருந்து அடுத்த பாதுகாப்பு அறைக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த வகை விளையாட்டில் இரண்டை எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லோரும் காசு கொடுத்து வாங்கினோம். ஒன்று, வால்வ் நிறுவனம் 2009 நவம்பரில் வெளியிட்ட லெஃப்ட் 4 டெட் 2. மற்றொன்று, டர்ட்டில் ராக் ஸ்டூடியோஸ் உருவாக்கி 2021 அக்டோபரில் வந்த பேக் 4 பிளட். 2008-இல் வந்த முதல் லெஃப்ட் 4 டெட்டை உருவாக்கியதும் டர்ட்டில் ராக்தான் என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயம். எங்கள் வீட்டில் இப்போது நிலைத்திருப்பது பழையதுதான். புதியது கணினியில் இருக்கிறது, எப்போதாவது திறக்கிறோம்.

நாங்கள் யார் என்பதைச் சொன்னால்தான் இந்தத் தேர்வு புரியும். நான் பணகுடியில் இருக்கிறேன். சித்தி மகன் வள்ளியூரில். அத்தை மகன் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறான். பெரியம்மா மகள், எங்களுக்கெல்லாம் அக்கா, சென்னையில் வேலை பார்க்கிறாள். சாதாரண நாட்களில் ஆளுக்கு ஒரு மூலையிலிருந்து இணையம் வழியாக ஆடுவோம். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் கோயில் கொடைக்கும் எல்லோரும் பணகுடி வீட்டில் கூடிவிடுவோம். கொடை முடிந்த மறுநாள் பகல் முழுக்க ஆட்டம்தான்.

படத்தின் அழகைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பன்னிரண்டு ஆண்டு இடைவெளி கண்ணுக்கே தெரியும், பேக் 4 பிளட்தான் அழகு. துப்பாக்கியைக் கண்ணருகே உயர்த்திக் குறிபார்ப்பது, அதில் உதிரிப் பாகங்களை மாட்டிக்கொள்வது என்று கையில் பிடித்த உணர்வும் அதில்தான் நன்றாக இருக்கிறது. கணினி விஷயமும் தெளிவு. பழையது 2 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினியிலும் ஓடும். புதியதற்குக் குறைந்தது 8 ஜிபியும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அளவிலான கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். அக்காவின் அலுவலக லேப்டாப்பில் பழையதுதான் ஓடுகிறது.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. இணையம் அறுந்த பிறகும் ஆட்டம் நடக்குமா என்பதே அது.

பணகுடி, காவல்கிணறு, வள்ளியூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் காற்றைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி எங்கள் மேல்தான் வந்து விழுகிறது. காற்றாலைகளை இங்கே வரிசையாக நட்டிருப்பதும் அதனால்தான். ஆனியும் ஆடியும் தென்னை மட்டை விழுந்து கம்பி அறும் மாதங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, கணினியும் ரவுட்டரும் அணையாது. ஆனால் தெருமுனையில் இருக்கும் கேபிள்காரரின் பெட்டிக்கு மின்சாரம் நின்றுவிட்டால், வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே இணையம் போய்விடும். பிறகு மொபைலின் ஹாட்ஸ்பாட்தான் கதி. டவரிலும் அந்த நேரத்தில் ஊரே தொங்கிக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இதே கதைதான்.

பேக் 4 பிளட்டில் நான்கு பேர் சேர்ந்து ஆட வேண்டுமென்றால் ஆட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் மையக் கணினியை, அதாவது சர்வரை, தொட்டே ஆக வேண்டும். நான்கு பேரும் ஒரே கூடத்தில், ஒரே ரவுட்டரில், தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தாலும் ஆட்டம் வெளியே எங்கேயோ போய்த்தான் திரும்பி வருகிறது. வெளிவந்தபோது தனியாக ஆடுவதற்கும் இணையம் தேவைப்பட்டது. பலரும் குறை சொன்ன பிறகு, 2021 டிசம்பர் அப்டேட்டில் இணையமில்லாமல் ஆடும் வசதியைச் சேர்த்தார்கள். அதுவும் தனி ஆளுக்கு மட்டும்: நீங்களும், கணினி இயக்கும் மூன்று தோழர்களும். எங்கள் கூடத்தில் இணையம் போனால் நான்கு பேரும் ஒரே நேரத்தில் வெளியே வந்து விழுவோம். பிறகு ஆளுக்கொரு திரையில் தனித்தனியாக ஆடலாம். கூடி ஆடுவதற்காக வாங்கிய விளையாட்டை அப்படித் தனித்தனியாக ஆட எனக்கு மனம் ஒப்பவில்லை.

லெஃப்ட் 4 டெட் 2-இல் நம் கணினியே சர்வராக இருக்க முடியும். இதுதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. விளையாட்டுகளை வாங்கி இயக்கும் ஸ்டீம் செயலியை ஆஃப்லைன் நிலைக்கு மாற்றிவிட்டு, ஒருவர் விளையாட்டுக்குள் கட்டளைகளைத் தட்டும் பெட்டியான கன்சோலைத் திறந்து, வீட்டு ரவுட்டருக்குள்ளேயே நடக்கும் லேன் ஆட்டமாக ஒரு வரைபடத்தை, அதாவது ஆட்டக் களத்தை, தொடங்க வேண்டும். மற்றவர்கள் தங்கள் கன்சோலில் ‘கனெக்ட்’ கட்டளையோடு அந்தக் கணினிக்கு ரவுட்டர் தந்திருக்கும் உள் ஐபி முகவரியைத் தட்டினால் போதும், உள்ளே வந்துவிடுவார்கள். வெளியுலகத்தோடு ஒரு பைட் கூடப் பரிமாற வேண்டியதில்லை. ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும். வைஃபையை விட கம்பி நல்லது. பழைய ஈதர்நெட் கம்பிகளும் ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச்சும் வாங்கி வைத்துவிட்டோம்.

இதற்கு முன்னேற்பாடு கொஞ்சம் தேவை. இணையம் இருக்கும்போதே எல்லோரும் ஸ்டீமில் ஒருமுறை நுழைந்து, விளையாட்டை முழுதாக அப்டேட் செய்து, ஆஃப்லைன் நிலை சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். விளையாட்டின் அமைப்புகளில் கன்சோலையும் அனுமதித்து வைக்க வேண்டும். கம்பி அறுந்த பிறகு இதையெல்லாம் தொடங்கினால் நடக்காது. நான்கு பேருக்கும் தனித்தனிப் பிரதி வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் தள்ளுபடிக் காலங்களில் இதன் விலை 90 சதவீதம் வரை இறங்குகிறது. பொறுத்திருந்து வாங்கினால் நான்கு பிரதியும் கையைக் கடிக்காது.

பதிவிறக்கத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பழையதற்கு வட்டில் சுமார் 13 ஜிபி இடம் போதும். புதியதற்கு 40 ஜிபி கேட்கிறார்கள். நாளுக்கு 2 ஜிபி என்று கொடுக்கும் மொபைல் திட்டத்தை மட்டும் நம்பியிருக்கும் சித்தி மகனுக்கு முதலாவது ஒரு வாரம், இரண்டாவது மூன்று வாரம். ஒருவர் இறக்கிய கோப்புறையைப் பென்டிரைவில் நகலெடுத்து அடுத்த கணினியின் ஸ்டீம் கோப்புறையில் போடலாம். இது இரண்டுக்குமே செல்லும், அதனால் இதை மட்டும் வைத்துப் புதியதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பழையதன் கூடுதல் வரைபடங்களும் அப்படித்தான் எங்களுக்குள் கைமாறுகின்றன. ரசிகர்கள் உருவாக்கிய வரைபடங்கள் ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் குவிந்து கிடக்கின்றன. பாளையங்கோட்டை விடுதியில் நல்ல இணையம் இருக்கும் அத்தை மகன் அவற்றை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவருவான். எல்லோரிடமும் அதே கோப்பு இருந்தால் லேனிலேயே ஆடலாம். ரசிகர்களே உருவாக்கி வால்வ் அதிகாரபூர்வமாக வெளியிட்ட ‘தி லாஸ்ட் ஸ்டாண்ட்’ அப்டேட் வந்தது 2020 செப்டம்பரில். பதினோரு வயதான விளையாட்டுக்கு அப்படி ஒரு வரவு. பேக் 4 பிளட்டுக்கோ இனிப் புதிய உள்ளடக்கம் வராது என்று 2023 பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டார்கள். ஆட்டம் சர்வரை நம்பி நிற்கும்போது இந்த அறிவிப்பு எனக்குக் கவலை தருகிறது.

பழையதற்கும் ஒரு குறை உண்டு. ஒருவரின் கணினி சர்வராக இருக்கும்போது அவருடைய இணைப்பு அறுந்தால் எல்லோருக்கும் ஆட்டம் நின்றுவிடும். ஊர் ஊராகப் பிரிந்து இணையம் வழியாக ஆடும்போது நான் சர்வராக இருந்தால் அக்காவுக்குச் சென்னையில் ஆட்டம் தடுமாறுகிறது. அப்போது ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் கூடும் லாபித் திரையில் பொது சர்வரைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம். மற்றவர்களில் யாராவது அறுந்துபோனால் அவருடைய பாத்திரத்தைக் கணினி ஏற்றுக்கொள்ளும். அவர் திரும்பி வந்து தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஆட்டத்தின் குணத்திலும் எனக்குப் பழையதே பிடிக்கிறது. ஸ்மோக்கர், ஹன்டர், ஜாக்கி என்பவை தனித்திறன் கொண்ட ஸோம்பிகள். ஸ்மோக்கர் நாக்கால் சுற்றி இறுக்கிவிட்டாலும், ஹன்டர் பாய்ந்து அமுக்கினாலும், ஜாக்கி தோளில் ஏறிக்கொண்டாலும் மாட்டியவரால் தன்னை விடுவித்துக்கொள்ள முடியாது. பக்கத்தில் இருப்பவர்தான் வந்து காப்பாற்ற வேண்டும். “அண்ணே, ஸ்மோக்கர் பிடித்துவிட்டது” என்று பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்ததும் மருந்துப் பெட்டியைத் தேடுவதை விட்டுவிட்டு ஓடுகிறோமே, அதற்காகத்தான் இதை ஆடுகிறோம். இருமுறை விழுந்து எழுந்தவர் சிகிச்சை செய்துகொள்ளாமல் மூன்றாம் முறை விழுந்தால் சாவுதான் என்பதால், யாருடைய மருந்துப் பெட்டியை யாருக்குச் செலவிடுவது என்று ஒவ்வொரு அறையிலும் பஞ்சாயத்து நடக்கும். ‘டைரக்டர்’ என்னும் நிரல் எங்கள் நிலையைக் கவனித்துக் கூட்டத்தையும் பொருட்களையும் மாற்றி வைப்பதால், மனப்பாடமான பாதையிலும் அடுத்த திருப்பத்தில் என்ன நிற்கிறது என்று தெரியாது.

பேக் 4 பிளட்டில், நம் திறன்களை மாற்றும் 15 சீட்டுகள் கொண்ட கட்டு ஒன்றை அடுக்கிக்கொண்டு போக வேண்டும். பிடியிலிருந்து தானே விடுபடும் சீட்டும் அதில் உண்டு. கட்டை யோசித்து அடுக்குவது அத்தை மகனுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒருவன் மருத்துவம், ஒருவன் கைச்சண்டை என்று பிரித்துக்கொண்டு, கடினமான நிலைகளில் மாதக்கணக்கில் ஊறும் நிலையான நால்வர் குழுவுக்கு அது ஆழமான விளையாட்டு. இதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் சீட்டுகளை ஆடி ஆடித்தான் திறக்க வேண்டும். விடுமுறைக்கு மட்டும் வரும் அக்கா, நாங்கள் ஏற்கெனவே திறந்து வைத்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் அவளுக்கு ரயில் ஏறும் நாள் வந்துவிடுகிறது. பழையதில் திறப்பதற்கு எதுவும் இல்லை. இன்று வந்தவரும் நானும் ஒரே கைத்துப்பாக்கியோடுதான் கிளம்புகிறோம்.

மூன்றாவதாக வேர்ல்ட் வார் இஸட் எப்படி என்று கேட்பார்கள். 2019-இல் வந்தது. நாகர்கோவிலில் நண்பன் வீட்டில் நியூயார்க் பகுதியை மட்டும் ஆடிப் பார்த்தேன். ஸோம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோபுரமாகி மதிலைத் தாண்டும் காட்சியை வேறெதிலும் நான் பார்த்ததில்லை. அதற்குமேல் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு நான் ஆடவில்லை. எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷனிலும் எனக்குப் பழக்கமில்லை. இங்கே எழுதியது முழுக்கக் கணினியை வைத்துத்தான்.

திருநெல்வேலி நகருக்குள் அறாத ஃபைபர் இணைப்பும் எட்டு ஜிபி கணினியும் வாரந்தோறும் தவறாமல் வரும் மூன்று நண்பர்களும் இருந்தால் பேக் 4 பிளட்டை வாங்குங்கள், அந்தச் சீட்டுக்கட்டு உங்களுக்குத்தான். வள்ளியூர், ராதாபுரம், நாங்குநேரிப் பக்கம் வீடு என்றால், விடுமுறைக்குச் சொந்தபந்தம் கூடும் வீடு என்றால், அடுத்த தள்ளுபடியில் லெஃப்ட் 4 டெட் 2-ஐ நான்கு பிரதி வாங்கி, ஆனி பிறப்பதற்குள் ஆஃப்லைன் ஏற்பாட்டை ஒருமுறை சோதித்து வைத்துவிடுங்கள்.