நின்றால் மூக்கைத் திருப்பும் மேப்: விமானத்தைத் தரையில் ஓட்ட உதவும் டாக்ஸி ஆப்புடன் நான்கு வருடம்

சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்த அதே வாரம், போன மாதம்தான் பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கிய தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணா, டேப்லெட்ல ஏர்போர்ட் மேப்பு மேல நம்ம பிளேன் நகர்றதக் காட்டுமே, அதுக்குக் காசு கட்டலாமா?" கால் மணி நேரம் பேசியும் என்னால் ஒரு பதிலுக்கு வர முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அமெரிக்காவில் வாடகை செஸ்னா 172-இல் நான்கு வருடமாக இதைத் தொடையில் கட்டிக்கொண்டு பறக்கிறேன். ஆப்பின் பெயர் வேண்டாம். நண்பர் ஒருவர் வைத்திருக்கும் வேறொரு ஆப்பிலும் நான் சொல்லப்போகும் இதே கோளாறைப் பார்த்துவிட்டேன்.

இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வானத்தில் வழி தப்பினால் யோசிக்க நேரம் கிடைக்கும். பழக்கமில்லாத ஏர்போர்ட்டின் தரையில் ஒரு திருப்பத்தை மாற்றி எடுத்தால் சில நொடிகளில் ரன்வேயில் போய் நிற்போம். 2001 அக்டோபர் 8, மிலானின் லினாட்டே விமான நிலையத்தில் கடும் பனிமூட்டம். ஆர்5 என்ற டாக்ஸிவே (ரன்வேக்குப் போகவரத் தரையில் ஓடும் பாதை) வழியாகப் போகச் சொன்ன சின்ன சைட்டேஷன் ஜெட் ஆர்6-இல் போனது. அந்த பைலட் தரையில் எஸ்4 என்ற எழுத்தைப் பார்த்து ரேடியோவில் சொல்லவும் செய்தார், ஆனால் அது எந்த இடம் என்று கன்ட்ரோலருக்குப் புரியவில்லை, தரை ரேடாரும் வேலை செய்யவில்லை. டேக்-ஆஃப் ஓட்டத்தில் வந்த ஸ்காண்டிநேவிய எஸ்.ஏ.எஸ். பயணிகள் விமானத்துடன் மோதி 118 பேர் செத்தார்கள். அந்தக் காக்பிட்டில் 'நீ இங்கே இருக்கிறாய்' என்று காட்ட ஒரு புள்ளி இருந்திருந்தால் என்று ஒவ்வொரு முறை டேப்லெட்டை எடுக்கும்போதும் நினைக்கிறேன்.

அந்தப் புள்ளியில்தான் எனக்குச் சண்டை. புள்ளியாக இருந்தால் பரவாயில்லை, இவர்கள் மூக்கு வைத்த குட்டி விமானப் படத்தைப் போட்டிருக்கிறார்கள். ஜி.பி.எஸ்.ஸுக்கு நாம் இருக்கும் இடம் தெரியும், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது தெரியாது. நாம் நகர்வதை வைத்துத்தான் திசையைக் கணக்குப் போடுகிறது. நகரும்போது சரியாக வரும். நின்றுவிட்டால், கிடைக்கும் இடம் சில மீட்டர் இங்கும் அங்கும் அலையும், உடனே அந்த மூக்கும் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். யோசித்துப் பாருங்கள், தெரியாத ஏர்போர்ட்டில் நாம் எப்போது நிற்கிறோம்? குழப்பமான சந்திப்பில், எந்தப் பக்கம் திரும்புவது என்று பார்க்கத்தான். மேப் பொய் சொல்வதும் சரியாக அப்போதுதான்.

வாங்கிய முதல் வருடம், மழை விட்ட ஒரு சாயங்காலம், அதுவரை போகாத ஏர்போர்ட்டில் இறங்கினேன். மூன்று டாக்ஸிவே கோணல்மாணலாகச் சேரும் இடம் அது. பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தபடி பிரேக்கை மிதித்து நின்று, குனிந்து மேப்பைப் பார்த்தேன். விமானம் போகும் திசை மேலே இருக்குமாறு வைத்திருந்ததால் மேப் மொத்தமும் மெதுவாகச் சுழன்றது. நான் கவனிக்கவில்லை. அது காட்டியபடி இடதுபக்கம் போனேன். ஈரத்தில் டாக்ஸி லைட் பட்டு எல்லாம் பளபளத்தது, ஓரப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கும் நினைவில்லை. அப்புறம் ஹெட்செட்டில் ஒரு பெண் குரல்: ரன்வே நெருங்குகிறது. பிரேக். கண்ணெதிரே, ரன்வேக்கு முன் அனுமதியில்லாமல் தாண்டக்கூடாத மஞ்சள் கோடுகள், என் பக்கம் முழுக்கோடு இரண்டு, அந்தப் பக்கம் விட்டுவிட்ட கோடு இரண்டு. நான் போகவேண்டிய வழியில் ரன்வேயே கிடையாது. கிரவுண்டிடம் (தரையில் விமானங்களுக்கு வழி சொல்லும் கன்ட்ரோலர்) தவறைச் சொல்லிவிட்டு அப்படியே நின்றேன், அரை நிமிடத்தில் ஒரு பிசினஸ் ஜெட் முன்னால் டேக்-ஆஃப் ஆகிப் போனது.

வழி மாற்றிவிட்டதும் இதே ஆப், எச்சரித்ததும் இதே ஆப். அந்தக் குரலுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. நான்கு வருடத்தில் ஒருமுறைகூட அது சொல்லாமல் விட்டதில்லை. பலரும் தவறும் இடங்களை ஹாட் ஸ்பாட் என்று வட்டம் போட்டுக் காட்டுவதும் அருமை, கிளம்பும் முன்பே பார்த்து மனதில் ஏற்றிக்கொள்கிறேன்.

கம்பெனிக்கு இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும், நிற்கும்போது திசை கணிக்க முடியாது என்று எனக்கே விளக்கம் தருகிறார்கள். தெரியும் ஐயா! முடியாது என்றால் ஏன் காட்டுகிறீர்கள்? நின்றதும் மூக்கை எடுத்துவிட்டு வெறும் வட்டத்தைப் போடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். வடக்கு மேலே இருக்குமாறு மாற்றிவைத்தால் மேப் சுழலாது, படம் மட்டும் சுழலும். இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, மேப் 28 நாளைக்கு ஒருமுறைதான் மாறும். நேற்று மூடிய டாக்ஸிவே, நோட்டாம் (NOTAM) எனும் பைலட்டுகளுக்கான அறிவிப்புப் பக்கத்தில் தனியாகக் கிடக்கும், மேப்பில் திறந்தே இருக்கும். 2006 ஆகஸ்ட் 27, கென்டக்கியின் லெக்சிங்டனில் கட்டுமானத்தால் டாக்ஸிவே அமைப்பு மாறியிருந்தது, ஒரு பயணிகள் விமானத்தின் பைலட்டுகள் கையில் இருந்த சார்ட்டில் அது இல்லை. விடியும் முன் இருட்டில், ரன்வே 22-க்குப் பதில் அதில் பாதி நீளமே உள்ள 26-இல் டேக்-ஆஃப் செய்ய ஓடி விபத்தில் சிக்கினார்கள். 50 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். காக்பிட்டில் நகரும் மேப் அல்லது எச்சரிக்கைக் கருவி வேண்டும் என்று அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி. பரிந்துரைத்தது அதற்குப் பிறகுதான். ஆனால் அன்றைக்கு அவர்கள் முன்னால் இருந்த திசைகாட்டியே 220-க்குப் பதில் 260 என்று காட்டியிருக்கும் (ரன்வே எண்ணைப் பத்தால் பெருக்கினால் அதன் திசை). செஸ்னாவில் டி.ஜி. (கைரோவில் இயங்கும் திசைகாட்டி) என் கண்ணுக்கு நேரே இருக்கிறது. நின்றாலும் அது நின்ற திசையைத்தான் காட்டும்.

சரி, தம்பிக்குப் பதில். இவ்வளவு புகழ்ந்துவிட்டுச் சொல்கிறேன் என்று நினைக்காதே, இந்த வருடம் கட்டாதே. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. தளத்தில் ஏர்போர்ட் டயகிராம் இலவசம், அச்செடுத்து நோட்டாமைப் பார்த்து மூடிய இடங்களைச் சிவப்பால் அடி. கிரவுண்டிடம் முதல் வார்த்தையிலேயே பழக்கமில்லாத ஏர்போர்ட் என்று சொல்லி புரோகிரஸிவ் டாக்ஸி கேள், ஒவ்வொரு திருப்பமாகச் சொல்வார்கள், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். ரன்வே ஒவ்வொன்றையும் கடக்கத் தனித்தனியாக அனுமதி வேண்டும், 2010-இலிருந்து இங்கே அதுதான் விதி. சொல்லவில்லையா, நில், கேள். பலகையையும் டி.ஜி.யையும் பார்த்துப் போகும் பழக்கம் வந்த பிறகு அந்தக் குரலுக்காக வாங்கு.

நான் நேற்று ராத்திரி கட்டிவிட்டேன். கட்டிய கையோடு மூன்றாவது கடிதமும் போட்டிருக்கிறேன், இந்த முறை மேப் சுழலும் வீடியோவுடன்.