திருச்சியில் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்: ஐந்துக்கு மூன்றரை

பத்துப் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் ஆபீஸ். குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். என்னுடையது 1,800 சதுர அடி மனை, மாடியோடு வீடு. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம் என்று 2024-ல் வந்த சுயசான்று முறையில் அனுமதி ஆன்லைனிலேயே கிடைத்துவிட்டது. டிசைனில் குறையே இல்லை. மேற்கு வெயில் ஹாலுக்குள் வருவதில்லை, சமையலறையில் காற்று ஓடுகிறது. ஆனால் ஃபேக்டரியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவனுக்கு, ஆட்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதில்தான் கண் போகும்.

கீழ்த்தள ரூஃப் கான்கிரீட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி முடித்தாகிவிட்டது. காலையில் ரெடிமிக்ஸ் வண்டி வரும். சரிபார்க்க வந்தவர், காலேஜ் முடித்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். மாடி பாத்ரூம் வரும் இடத்தில் டேப்பை விட்டு அளந்தார், மறுபடியும் அளந்தார். பைப் போவதற்காக ரூஃபை அங்கே தாழ்த்தி விடும் பள்ளம் பிளானில் 1 அடி, ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தில் 6 அங்குலம். சென்ட்ரிங் 6 அங்குலத்தில் நிற்கிறது. அதற்குள் டாய்லெட் பைப்புக்கு வாட்டம் எங்கிருந்து கிடைக்கும்?

“மேலே தரையை ஏத்திச் சமாளிச்சுக்கலாம்மா” என்றார் கான்ட்ராக்டர். அந்தப் பெண் பதில் சொல்லாமல் தலைமை ஆர்க்கிடெக்டுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “அவங்க நிறுத்தச் சொன்னா நிறுத்திடுங்க. ரெடிமிக்ஸ்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன்.” அவ்வளவுதான். யார் வரைந்தது, யார் பார்க்காமல் விட்டது என்ற விசாரணை ஆபீஸில் நடந்திருக்கலாம். மேஸ்திரி, சித்தாள் முன்னால் நடக்கவில்லை. மறுநாளிலிருந்து கான்ட்ராக்டர் வாயில் ‘அம்மா’ போய் ‘மேடம்’ வந்துவிட்டது. அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு வரைபடத்திலும் திருத்த எண்ணும் தேதியும் இருந்தன, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்தும் இருந்தது. முதலிலேயே இருந்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972 சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு வேண்டும். இவர்கள் நான் கேட்காமலே பதிவு எண்ணை ஒப்பந்தத்தில் போட்டிருந்தார்கள். கட்டணமும் கட்டம் கட்டமாகத்தான்.

இனி குறை. சைட்டில் அத்தனை அதிகாரம் கொடுக்கும் மனுஷர், ஆபீஸில் எதையும் கையை விட்டு இறக்க மாட்டார். அவர் வெளிநாடு போயிருந்தபோது ஜன்னல் கிரில் டிசைன்கூட நகரவில்லை. சீனியர்கள் இருக்கிறார்கள், “சார் பார்த்துட்டு அனுப்பறோம்” என்பார்கள். ஜூனியர்களிடமிருந்து இரவு 11 மணிக்கு மெசேஜ் வரும். எனக்கு வசதிதான், ஆனால் அந்தப் பிள்ளைகள் எப்போது வீட்டுக்குப் போகிறார்கள்? பூச்சு வேலை நடக்கும்போதே அந்தப் பெண் வேறு இடம் போய்விட்டார். அடுத்து வந்த பையனிடம் யாரும் எதையும் ஒப்படைக்கவில்லை போலிருக்கிறது. சுவிட்ச் போர்டு எங்கே என்று முடிவு செய்ததையெல்லாம் மறுபடி என்னிடமே கேட்டான். ஒப்பந்தம் போடும்போதே, நம் ஆள் போனால் அடுத்து யார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மாடிப்படிக் கைப்பிடிக்கான வரைபடம் இன்னும் வரவில்லை. கடைசித் தவணைப் பணமும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.